விதைக்கு மானியம், வேலைக்கு? ஆரல்வாய்மொழியை முன்வைத்து நகர்ப்புறக் கூட்டுத் தோட்டங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்து மக்களில் 82.33 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் வேறெந்த மாவட்டமும் இந்த அளவை எட்டவில்லை. இத்தனைக்கும் மாநகராட்சி என்று மாவட்டத்தில் இருப்பது நாகர்கோவில் ஒன்றுதான். வயலும் குளமும் தென்னந்தோப்பும் இடையிடையே கிடக்க, ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள் இங்கே உண்டு. அவை எல்லாம் அரசுப் பதிவேட்டில் நகரங்கள். அவற்றில் ஒன்று ஆரல்வாய்மொழி.

இந்த வகைப்பாட்டுக்கும் அடுக்களைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நூறுநாள் வேலைத் திட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தபோதே ஊராட்சிகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. பேரூராட்சியில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கு அது கிடையாது. மாநகரங்களை மனதில் வைத்துத் தீட்டப்படும் மாடித்தோட்டத் திட்டங்களும் காற்று அடிக்கும் இந்தக் கணவாய் ஊருக்குப் பொருந்துவதில்லை. ஏழைகளின் தட்டில் காய்கறி சேர்க்கப் பொதுப்பணத்தில் கூட்டுத் தோட்டம் போடலாமா, போட்டால் அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்ற கேள்விக்கு ஆரல்வாய்மொழியைப் போன்ற ஓர் ஊரில் நின்று விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரிசி இருக்கிறது, காய் இல்லை

தமிழ்நாட்டில் பட்டினி என்பதன் முகம் மாறிவிட்டது. ரேஷன் கடை எல்லோருக்கும் பொது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் வருகின்றன. 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்கின்றன. வயிறு நிறையாத வீடுகள் இன்று குறைவு.

ஆனால் 2019–21 காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வு வேறொரு கதையைச் சொல்கிறது. மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு அதே குறை. நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்கிறது. சோறு இருந்தும் சோற்றோடு சேர வேண்டியவை போதவில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இரத்தசோகைக்குக் காரணம் காய்கறிக் குறைவு ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பருப்பு, முட்டை, மீன், குடற்புழு, அடுத்தடுத்த பேறு என்று பலவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும் கீரையும் காயும் இல்லாத சாப்பாடு அதில் முக்கியமான பங்கு வகிக்கிறது.

ரேஷன் கடையில் இல்லாத பொருள் காய்கறி. வீட்டில் பணம் இறுகும்போது முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அதுபோன்ற நாள்களில் நாள்கூலி வீடுகளில் குழம்பு என்பது புளித்தண்ணீராகிவிடும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டாரத்தில் நாள்கூலிக்காரர்கள் யார்? செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள், மழை வந்தால் வேலை இழப்பவர்கள். தோவாளைச் சந்தைக்காகப் பூ பறிப்பவர்களும் கட்டுபவர்களும், முகூர்த்த நாள் இல்லாவிட்டால் கை ஓய்பவர்கள். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் பஸ் ஏறி நாகர்கோவில் போகிறவர்கள். இவர்களுக்கு நிலம் இல்லை, வருமானம் சீராக இல்லை, ஊரக வேலைத் திட்டமும் இல்லை.

களஞ்சியத்தின் நினைவு

இந்த வட்டாரம் அடங்கிய நாஞ்சில் நாடு ஒருகாலத்தில் திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியம். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் கோதையாற்றுப் பாசனமும் அந்தப் பெயரை உறுதிப்படுத்தின. அப்படியிருந்தும் 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்து அரிசிக் கப்பல்கள் நின்றபோது திருவிதாங்கூர் திண்டாடிப் போனது. அரிசியை அளந்து கொடுக்கும் முறை வந்தது. மக்களைத் தாங்கிப் பிடித்தது மரச்சீனிக் கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கி வளர்த்த அந்தப் பயிர், வீட்டை ஒட்டிய விளைகளில் வேரூன்றியிருந்ததால் நெருக்கடியில் கைகொடுத்தது.

வெளியிலிருந்து வரும் உணவு தடைபடும்போது கையெட்டும் தூரத்தில் விளைவதுதான் காப்பாற்றும் என்று அந்த ஆண்டுகள் கற்றுத் தந்தன. விளை வைத்திருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் கூப்பன் வரிசையில் நின்றார் என்பதும் அதே ஆண்டுகளின் பாடம். வயல்கள் வீட்டுமனைகளாகப் பெருகிய இன்றைய நாஞ்சில் நாட்டில், விளை இல்லாத வீடுகளே அதிகம். காய்கறி பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் அதில் பெரும்பகுதி நாகர்கோவிலுக்கும் அதற்கப்பால் கேரளத்துக்கும் போகிறது.

பைக்கு வரும் பணம்

தமிழ்நாடு அரசு நகர்ப்புறக் காய்கறி வளர்ப்புக்குப் பணம் ஒதுக்காமல் இல்லை. 2013–14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகள் மானிய விலையில் வழங்கப்பட்டன. 2021 டிசம்பரில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கியது. நகர்ப்புறத்தாருக்கு 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு ஆகியவை இருந்தன. ஊரகத்தாருக்கு 12 வகை விதைப் பொட்டலம் 15 ரூபாய்க்கு வழங்கப்பட்டது.

நல்ல திட்டம்தான். ஆனால் அது யாரைப் போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டும். மாடித்தோட்டத்துக்கு முதலில் மாடி வேண்டும். அது சொந்த மாடியாக, ஒழுகாத மாடியாக, தினமும் தண்ணீர் ஏற்ற வசதியுள்ள மாடியாக இருக்க வேண்டும். வாடகை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருக்கிற சூளைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. இணையத்தில் பதிந்து, முன்பணம் கட்டி, வேளை ஒதுக்கிப் பராமரிக்கக்கூடியது நடுத்தர வர்க்கம். மானியம் அங்கேதான் போய்த் தங்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொலவடைக்கு ஆரல்வாய்மொழியில் விளக்கம் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இடைவெளி இது. தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க்குள் புகுந்து சீறும் காற்றை நம்பித்தான் அருகிலுள்ள முப்பந்தலில் நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று எழுந்தது. அந்தக் காற்றில் மொட்டைமாடிப் பைகள் ஒரே நாளில் காய்ந்துவிடும், பந்தலும் நிழல்வலையும் கிழிந்துவிடும். இங்கே காய்கறி தரையில்தான் வளர வேண்டும். அதற்குக் கிளுவை, சவுக்கு போன்ற உயிர்வேலி அணைப்பும் வேண்டும். கீரை, சிறுகிழங்கு, சேனை, சேம்பு, தரையில் படரும் பூசணி, தடியங்காய் என்று உயரம் குறைந்தவற்றுக்கே முதலிடம் தர வேண்டும். ஒரே தளையை எல்லா ஊருக்கும் அனுப்புகிற திட்டத்தில் இந்தத் தேர்வுக்கு இடம் கிடையாது.

ஓர் ஏக்கரின் கணக்கு

சரி, தரையில் கூட்டாக ஒரு தோட்டம் போட்டால் என்ன கிடைக்கும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வரப்பு, உயிர்வேலி, உரக்குழி, தொட்டி எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் விளைநிலம் சுமார் 2,700 சதுர மீட்டர். இந்தியாவின் சராசரி காய்கறி விளைச்சல் எக்டருக்கு 18 டன் அளவில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம் என்று கொண்டால் 9,700 கிலோ கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்தால் ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுத் தேவை 550 கிலோ. ஆக, ஓர் ஏக்கர் 17 வீடுகளின் முழுத் தேவையை அல்லது 35 வீடுகளின் பாதித் தேவையை நிறைவேற்றும்.

இது சிறிய எண். கூட்டுத் தோட்டத்தால் ஒரு நகரத்தின் பசியைத் தீர்த்துவிடலாம் என்ற பேச்சை இந்தக் கணக்கே மறுக்கிறது. தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கு உறுதியாக உதவும் கருவியாக மட்டுமே அதைப் பார்க்க வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. இரண்டு பேர் ஆண்டில் 300 நாள் வேலை செய்ய வேண்டும். 2024–25இல் தமிழ்நாட்டின் நூறுநாள் வேலைக் கூலியான 319 ரூபாயை எடுத்துக்கொண்டால் கூலிச் செலவு 1,91,400 ரூபாய். விதை, எரு, பம்ப் செலவு, பழுது ஆகியவற்றுக்கு 50,000 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 2,41,400 ரூபாய். விளைந்த காயைக் கிலோ சராசரி 30 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,91,000 ரூபாய். கையில் ஏறத்தாழ 50,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் 30 ரூபாய் கொடுத்து வாங்க முடிந்தவருக்கு இந்தத் தோட்டமே தேவையில்லை, சந்தை போதும். ஏழைகளுக்கென்று பாதி விலைக்குக் கொடுத்தால் வரவு 1,45,500 ரூபாய்தான். துண்டு விழுவது 95,900 ரூபாய்.

கூட்டுத் தோட்டங்களின் அடிப்படைச் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிதி தருகிறவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தோட்டம் தன் காலில் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். தன் காலில் நிற்க வேண்டுமானால் காசுள்ளவருக்கு விற்க வேண்டும். ஏழைக்குக் கொடுக்க வேண்டுமானால் யாராவது ஆண்டுதோறும் பணம் போட வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்பது தோட்டத்தைச் சாகடிக்கும் வழி. ரேஷன் அரிசி லாபம் தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. காய்கறிக்கு மட்டும் ஏன் அந்த நிபந்தனை?

நடுவழி ஒன்று உண்டு. விளைச்சலில் பாதியை உணவகங்களுக்கும் பிற வீடுகளுக்கும் முழு விலைக்கு விற்று, மீதிப் பாதியை 17 ஏழை வீடுகளுக்குப் பாதி விலையில் கொடுத்தால், துண்டு 23,150 ரூபாயாகக் குறையும். வீட்டுக்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய்க்கும் குறைவு. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் மாடித்தோட்டத் தளை ஒன்றுக்கு அரசு தந்த மானியம் 675 ரூபாய். இரண்டு தளைகளின் மானியத்துக்கு ஈடான தொகையில் ஓர் ஏழை வீட்டுக்கு ஆண்டு முழுவதும் பாதித் தேவைக்குக் காய் கொடுத்துவிடலாம். கிணறு, பம்ப், வேலி ஆகிய தொடக்க முதலீட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது தனியாக, ஒருமுறை போட வேண்டிய பணம்.

நிலம் யாருடையது

விதையையும் கூலியையும் விட முக்கியமானது மண்ணின் மீதான உறுதி. 1999இல் நியூயார்க் மாநகர நிர்வாகம், மக்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய நூற்றுக்கு மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விட முனைந்தது. இரண்டு அறக்கட்டளைகள் பணம் திரட்டி வாங்கியதால் அவை தப்பின. பிரிட்டனில் அந்த நிலை வராதபடி 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்தது. மக்கள் கேட்டால் தோட்டத் துண்டு ஒதுக்குவது உள்ளாட்சியின் கடமை என்று அது வகுத்தது. அங்கே வழக்கமான துண்டின் அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் இன்னும் பொருத்தமான பாடம். 2001இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை பெருகியபோது, 2002இல் நகராட்சியே நகர்ப்புற வேளாண் திட்டம் தொடங்கியது. காலி நிலங்களை ஏழைக் குடும்பங்கள் பயிரிட ஏற்பாடு செய்தது, விற்கச் சந்தை அமைத்துக் கொடுத்தது, பயிற்சியாளர்களைச் சம்பளத்தில் வைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகும் திட்டம் உயிரோடிருந்து உலக விருதும் பெற்றது. இதற்கு நேர்மாறு 2022இன் இலங்கை. உரமும் எரிபொருளும் இல்லாத நெருக்கடியில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நிலமும் நீரும் உள்ளவருக்கு அது உதவியிருக்கலாம். லயத்து அறையிலும் தொடர்மாடி வீட்டிலும் இருப்பவருக்கு விடுமுறை கிடைத்தது, காய் கிடைக்கவில்லை.

அண்டையிலுள்ள கேரளம் நமக்கு இன்னும் நெருக்கம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நான்கு முதல் பத்துப் பெண்கள் வரை கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். வங்கிக் கடனுக்கு வட்டி மானியமும், பயிரிட்ட பரப்புக்கேற்ப ஊக்கத்தொகையும் உண்டு. 1996இன் மக்கள் திட்ட இயக்கம் உள்ளாட்சிகளுக்குத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்கியதால், எந்தக் குழுவுக்கு என்ன தேவை என்று உள்ளூரிலேயே முடிவெடுக்க முடிந்தது. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த இந்த மாவட்டம், களியக்காவிளைக்கு அப்பால் நடக்கும் அந்த முறையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கைக்கொள்ளாமல் இருக்கிறது.

எந்தப் பை, எந்தக் கை

ஆரல்வாய்மொழியில் ஒரு கூட்டுத் தோட்டத்துக்கு நிதி எங்கிருந்து வரும்? நான்கு வாசல்கள் தெரிகின்றன.

முதலாவது நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இப்படிக் கிடைத்த துண்டுகள் ஊருக்கு ஊர் முள் மண்டிக் கிடக்கின்றன, அல்லது வேலி மாறி மறைந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் பூங்காவின் அங்கமாகக் காய்கறித் தோட்டம் ஆக்கினால் ஆக்கிரமிப்புக்கு எதிராகவும் அதுவே காவல். குளம், வாய்க்கால் புறம்போக்கைத் தொடவே கூடாது. நீர்நிலையை அழித்து நட்ட காய் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது தொடக்க முதலீடு. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ நன்கொடையாளரோ தந்தால் மீதியை அரசு தரும். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பசியையும் சத்துக்குறைவையும் போக்குவது அந்தப் பணிகளின் பட்டியலில் முதலில் இருக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த ஊரின் காற்றை மின்சாரமாக்கும் நிறுவனங்களில் பலவற்றின் தலைமையகம் வெளியூரில். கிணற்றுக்கும் பம்புக்கும் உயிர்வேலிக்கும் ஆகும் செலவு அவர்களிடம் கேட்டுப் பெறத்தக்க நியாயமான தொகை.

மூன்றாவது கூலி. ஊரக வேலைத் திட்டம் பேரூராட்சிக்கு இல்லை என்ற குறையை உணர்ந்து கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2022இல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. அந்த வகைத் திட்டங்களின் பணிப்பட்டியலில் கூட்டுத் தோட்டப் பராமரிப்பைச் சேர்த்து, பேரூராட்சிகளுக்கு நிலையாக விரித்தால் தோட்டத்தின் பெரிய செலவு தீர்ந்துவிடும். நம் கணக்கில் மொத்தச் செலவில் ஐந்தில் நான்கு பங்கு கூலிதான் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது உறுதியான கொள்முதல். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதன் சாம்பாருக்குக் காய் தினமும் வேண்டும். அங்கன்வாடிக்கும் வேண்டும். 25 குழந்தைகளுக்குத் தலைக்கு 60 கிராம் வீதம் 300 நாளைக்கு 450 கிலோ போதும். ஐந்து சென்ட் நிலம் அதைத் தந்துவிடும். தோட்டத்திடமிருந்து சந்தை விலைக்கு வாங்குவதாக ஒப்பந்தம் இருந்தால், அந்தப் பணமே அடுத்த தெரு ஏழை வீடுகளுக்குப் பாதி விலையில் கொடுக்க வழிசெய்யும். உரத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்காக்களில் மக்கும் குப்பை ஏற்கெனவே உரமாகிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு என்றாலும் மேற்கே பெய்வது போல் கிழக்கே பெய்வதில்லை. ஆரல்வாய்மொழி கோதையாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பக்கம் இருக்கிறது. மலையடிவாரத்துப் பொய்கை அணையின் முழு உயரமே 42.65 அடிதான். கோடையில் இரண்டாம் போகம் எடுக்கத் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், மூடாக்கு எல்லாம் தேவை. தண்ணீருக்கு வழி செய்யாமல் விதை மட்டும் கொடுத்தால் மாசி முடிவதற்குள் தோட்டம் காய்ந்துவிடும்.

செய்ய வேண்டியது

கூட்டுத் தோட்டம் ரேஷன் கடைக்கு மாற்று ஆகாது, உழவர் சந்தைக்கும் ஆகாது. ஓர் ஊரின் மிக ஏழ்மையான சில வீடுகளுக்கும் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் காயும் கீரையும் தவறாமல் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதைச் செய்ய மானியம் செல்ல வேண்டிய இடம் மாற வேண்டும். தளைக்கும் பைக்கும் ஒருமுறை கொடுத்துவிட்டுக் கைகழுவுவதை விட்டு, ஐந்தாண்டுக்குக் குறையாத நில உடன்படிக்கை, தண்ணீர், ஆண்டுக் கூலி, பள்ளிக் கொள்முதல் ஆகிய நான்குக்கும் பணம் தர வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் தோட்டம் நிற்காது. பெண்கள் சுயஉதவிக் குழுவிடம் நிர்வாகத்தை விட்டு, பயிர்த் தேர்வுக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தின் துணையைப் பெறலாம். பயன் பெறும் வீடுகளின் பட்டியலையும் வரவு செலவையும் ஆண்டுக்கொருமுறை பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

ஒரே நாளில் ஐம்பது பேரூராட்சிகளிலும் தொடங்கச் சொல்லவில்லை. ஓர் ஊரில் ஓர் ஏக்கர், மூன்று ஆண்டு, கணக்கு வெளிப்படையாக. அந்த ஊர் ஆரல்வாய்மொழியாக இருக்கட்டும். இவ்வளவு காற்றிலும் கடைமடைத் தண்ணீரிலும் அது நின்றுவிட்டால், மாவட்டத்தின் மற்ற பேரூராட்சிகளில் நடத்த முடியாது என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது.